மாமன் வாசலிலேயே நின்றுவிட்டால்

கல்யாண மண்டபத்தில் சண்டை எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். வரவேற்பு அன்று இரவு எட்டரைக்கு மேல் பந்தியில் ஒன்று. நள்ளிரவு தாண்டி மாடி அறையில் பாட்டில் திறந்த பிறகு ஒன்று. விடியற்காலை ஐந்தரைக்கு, மாமன் சீர் வரவேண்டிய நேரத்தில் ஒன்று. தாலி ஏறிய கையோடு மொய் மேசையில் ஒன்று. மண்டபத்தைக் காலி செய்யும்போது பில்லைப் பார்த்து ஒன்று. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கல்யாண வேலை பார்க்கிற சமையல்காரர், மண்டப மேனேஜர், மேளக்காரர், வீடியோக்காரர் யாரைக் கேட்டாலும் இந்த ஐந்தைத்தான் சொல்வார்கள்.

வாய்விட்டுச் சொல்கிற காரணம் சாம்பார் வாளியாக இருக்கும், மாலையாக இருக்கும், பேனரில் விட்டுப்போன போட்டோவாக இருக்கும். உள்ளே கிடப்பது வேறு. பாகம் பிரித்ததில் குறைந்துபோன பத்து சென்ட், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணன், திருப்பிச் செய்யாத மொய். சாவு வீட்டில் இதையெல்லாம் பேசினால் ஊர் காறித் துப்பும் என்று வாயைக் கட்டிக்கொண்டவர்கள், கல்யாண வீட்டில் கட்டவிழ்த்து விடுகிறார்கள். இதில் பாதியைத் தீர்த்து வைக்க எவராலும் முடியாது. எந்த மணிக்கு, எந்த இடத்தில், யாரிடமிருந்து கிளம்பும் என்று தெரிந்துகொண்டு அங்கே ஓர் ஆளை நிறுத்த முடியும். அந்தக் கணக்கைப் பந்தக்கால் நடுவதற்கு முன்பே உட்கார்ந்து போட வேண்டும்.

முதல் பொறி பத்திரிகையில் விழுகிறது. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், பெயர் வரக்கூடிய ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிவிடுங்கள். இனிஷியல், பட்டம், மறைந்தவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது, மருமகன் பெயர் மகள் பெயருக்கு முன்னாலா பின்னாலா, எல்லாம் அதில் வந்துவிடும். வரிசையை வயதுப்படி போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. வசதிப்படி, பதவிப்படி போட ஆரம்பித்தால் முடிவே இல்லை. டிஜிட்டல் பேனர் என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம். பத்திரிகையில் பெயர்தான் சின்னதாகப் போகும், பேனரில் முகமே சின்னதாகிவிடும். பெரும்பாலும் அதை அடிப்பது மாப்பிள்ளையின் நண்பர்கள். அவர்களுக்கு யார் பெரியப்பா, யார் தாய்மாமன் என்றே தெரியாது. தவிர்க்க முடியாவிட்டால் மணமக்கள் படம் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேதி குறிப்பதில் புதுச்சேரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களில், பிரான்சில் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும்தான். ஜூலை நடுவில் ஆடி பிறந்து ஆகஸ்ட் நடுவில்தான் முடிகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே பள்ளி திறந்துவிடும். மிச்சம் இருப்பது ஆவணியின் முதல் இரண்டு வாரம். அந்த முகூர்த்தங்களுக்கு ஊரே மண்டபம் தேடுகிறது. அதனால் ஒரு வருடம் முன்பே பதிவு செய்து, முன்பணம் கட்டி, அலைந்து திரிந்து எல்லாம் செய்வது ஊரில் இருக்கும் தம்பி. மூன்று நாளைக்கு முன்னால் விமானத்தில் வந்து இறங்கி, "இந்தச் சமையல்காரன் யாரு, அலங்காரம் ஏன் இப்படி" என்று கேட்பது பணம் அனுப்பிய அண்ணன். அனுப்பிய யூரோவும் அலைந்த அலைச்சலும் ஒரே எடைக்கல்லில் நிற்காது. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: முன்பணம் கொடுத்த அன்றே, எதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பிரித்துவிட வேண்டும். சாப்பாடும் மண்டபமும் தம்பி. துணியும் நகையும் போட்டோவும் அண்ணன். ஒருவர் பிரித்து எடுத்ததில் மற்றவர் கருத்துச் சொல்லலாம், மாற்றச் சொல்லக் கூடாது.

அடுத்தது தாய்மாமன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விடியற்காலைச் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலம் மனையாகி விலை ஏறியதிலிருந்து, தவளக்குப்பம் முதல் கடலூர் வரை அக்கா தம்பிக்குள் பேச்சு வார்த்தை அறுந்த குடும்பங்கள் ஏராளம். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்பது 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லேயே, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்கு இந்த உரிமை வந்துவிட்டது. தம்பிமார்களுக்கு இது நன்றாகவே தெரியும். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "சீரைச் சிறப்பா செய்யறேன், அந்த விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுக்கா" என்று பேச்சு வரும். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவதுதான் அந்தப் பத்திரம். கல்யாணப் பதற்றத்தில் பல பெண்கள் போட்டுவிடுகிறார்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ஒரு மனுக் கொடுத்து நீக்கிவிட முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டாலோ மாமன் வரமாட்டார், அல்லது வாசல் வரை வந்து நிற்பார்.

ஆகவே சீரையும் சொத்தையும் ஒரே நாளில், ஒரே வாயில் பேச விடாதீர்கள். நிச்சயதார்த்தத்துக்கும் பந்தக்காலுக்கும் நடுவே, இரண்டு பேரும் மதிக்கிற ஒருவர், பெரும்பாலும் அம்மாவின் சித்தப்பா மாதிரி ஒருவர், தம்பி வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பேச வேண்டும். "கல்யாணம் முடிந்து இன்ன கிழமை, என் வீட்டில் உட்காருவோம்" என்று கிழமையோடு சொல்ல வேண்டும். நாள் குறிக்காமல் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் அது தட்டிக்கழிப்பு என்றுதான் எதிராளிக்குப் படும்.

இவ்வளவு செய்தும் வாசலில் நிற்பவர்கள் உண்டு. காட்சி கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. மணி ஐந்தரை. மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் மாமன் நிற்கிறார். மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பட்டுப்புடவை. மாலை கூடை வண்டியிலேயே இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பவும் மனசில்லை, உள்ளே வரவும் மனசில்லை. யாராவது வந்து கூப்பிட வேண்டும், கூப்பிடுவதை நாலு பேர் பார்க்கவும் வேண்டும்.

அவரைக் கூப்பிட அண்ணன் மகனையோ போன் வைத்திருக்கும் பொடியனையோ அனுப்பினால் காரியம் கெட்டது. போனில் கூப்பிட்டால் அதைவிட மோசம். பெண்ணின் அப்பாவே வெற்றிலைத் தட்டோடு, மேளக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

"என்ன மாப்ள, இங்கயே நின்னுட்டீங்க? மேளம் ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு."

"எனக்கு எதுக்கு மாமா மேளம்? பேனர்ல எம்பேரு கடைசியில கெடக்கு. கடைசியாவே வர்றேன்."

"பேனர் அடிச்சவன நாளைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து கேப்போம். ஒங்கக்கா இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல. வாங்க."

இந்த உரையாடலில் நிலம் வரவே இல்லை, கவனியுங்கள். அவரும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. பேனர் அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா நல்ல மனசோடு, "நிலத்த எல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மாப்ள" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், டீக்கடை பஞ்சாயத்துக் களமாகிவிடும். "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்பதையும் சொல்லக் கூடாது. நேரத்துக்காகக் கூப்பிடுகிறார்கள், எனக்காக இல்லை என்றுதான் அது காதில் விழும்.

இரண்டு மாமன்கள் இருந்து, அவர்களுக்குள்ளேயே பேச்சில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. தட்டுகளைத் தனித்தனியாக எண்ணாதீர்கள். இவர் 21, அவர் 51 என்று எண்ணினால் அவமானம் எண்ணிக்கையிலேயே எழுதப்பட்டுவிடும். எல்லாத் தட்டும் ஒரே வரிசை, ஒரே மேளம், முன்னால் இருவர் மனைவிமாரும். மாலை பெரியவர் கையால், பட்டு சின்னவர் கையால். இதைச் சொல்ல வேண்டியவர் அவர்கள் கூடப் பிறந்த பெண் மட்டுமே. அவள் சொன்னால் இரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டாவது கேட்பார்கள், அவள் புருஷன் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மணையில் யார் உட்காருவது என்பதையும் முன்பே முடித்துவிடுங்கள். அப்பா தவறிப்போன வீட்டில் அம்மாவை ஒதுக்கி, சித்தப்பா சித்தியை உட்கார வைப்பது இன்னும் நடக்கிறது. பாதபூஜைக்கு அம்மாதான் நிற்க வேண்டும் என்று மணமகன் ஐயரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால், பெரும்பாலான ஐயர்கள் மறுப்பதில்லை. மேடையில் திடீரென்று கேட்டால்தான் கூட்டத்தில் யாராவது 'வழக்கம் இல்லை' என்பார்கள். பிரிந்து வாழும் அப்பா அம்மா என்றால், இருவரும் தாரை வார்க்க ஒப்புக்கொண்டார்களா, அப்பாவோடு இப்போது இருப்பவர் எங்கே உட்காருவார், குடும்பப் போட்டோவில் யார் யார் என்று மூன்று கேள்விக்கும் பதிலைப் போட்டோகிராபர் வரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மைக்கில் 'பொண்ணோட அப்பா அம்மா வாங்க' என்று கூவுவது அவர்தான்.

நேரக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. புதன்கிழமை அதே நேரம் எமகண்டம். இந்த இரண்டு நாளிலும் ஆறு–ஏழரை முகூர்த்தம் வைத்தால் பின்னால் நகர இடமே இல்லை. ஏழு மணிக்குத் தாலி ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். சீர் உள்ளே வருவது ஐந்தரை. பெண்ணுக்கு அலங்காரம் இரண்டு இரண்டரை மணி நேரம் பிடிக்கும், அப்படியானால் அழகுக்கலைப் பெண் மூன்று மணிக்கு வந்தாக வேண்டும். வரவேற்பு முடிந்து பதினோரு மணிக்குப் படுத்தவர்கள் தூங்குவது நாலு மணி நேரம்கூட இல்லை. பாதிப் பேச்சு தடிப்பதற்குத் தூக்கமின்மையும் காலி வயிறும்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வீட்டு அம்மாக்களுக்கும் விடியற்காலை நாலரைக்கு நாலு இட்லி கொண்டுபோய்க் கொடுத்து, சாப்பிட்டு முடிக்கிற வரை நிற்க ஒரு பெண்ணை நியமித்துவிடுங்கள். விரதம் என்பார்கள், பாலாவது கொடுங்கள்.

திருவந்திபுரத்தில் தாலி கட்டுவதாக நேர்ந்துகொண்டவர்களுக்கு நெருக்கடி இன்னும் கூடும். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலில் அடுத்தடுத்து ஜோடிகள் நிற்கும். கடலூரிலிருந்து போகிற சாலையே அன்று திணறும். தாலி கட்டும்போது சுற்றி நிற்க இருபது முப்பது பேருக்கு மேல் இடம் கிடைக்காது. அந்த முப்பது யார் என்று முடிவு செய்யாமல் வேனில் ஏறினால், கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பெரியப்பா 'எனக்குத் தாலி கட்டுறதுகூடக் காட்டல' என்று பத்து வருஷத்துக்குச் சொல்வார். வயதானவர்களை முதல் வேனில் அனுப்பிவிடுங்கள். நாத்தனார் முடிச்சுப் போடுகிற பெண் மாப்பிள்ளையோடு ஒரே வண்டியில் வர வேண்டும். அவள் வண்டி நெரிசலில் நின்றுவிட்டு, வேறொருத்தி முடிச்சுப் போட்டால் அந்த வீட்டில் மறுவீடு விருந்து முடிகிற வரை பேச்சு ஓயாது.

பந்திக்கு வருவோம். 200 பேர் உட்காருகிற சாப்பாட்டுக் கூடத்தில், இலை எடுத்துத் துடைப்பதையும் சேர்த்து ஒரு பந்திக்கு நாற்பது நிமிடம். 800 பேர் என்றால் நாலு பந்தி, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். ஆனால் கூட்டம் ஏழு மணியிலிருந்து சீராக வராது, எட்டிலிருந்து ஒன்பதுக்குள் முக்கால்வாசிப் பேர் வந்து நிற்பார்கள். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி வீட்டு பஸ் வந்து சேரும். கடைசி இரண்டு வரிசையைச் சம்பந்தி வீட்டாருக்கென்று நிறுத்தி, அங்கே இரண்டு வீட்டு முகமும் தெரிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவரை நிற்க வையுங்கள். இளவட்டங்களை வைத்தால் 'யார் நீங்க' என்று கேட்டுத் தொலைப்பார்கள், கேட்கப்பட்டவர் மாப்பிள்ளையின் பெரியம்மாவாக இருப்பார்.

சாதமும் சாம்பாரும் குறைந்தால் சமையல்காரர் சமாளித்துவிடுவார். எண்ணிக்கையில் போடுகிற வடை, இனிப்பு, ஐஸ்கிரீம்தான் கடைசிப் பந்தியில் தீரும். கடைசிப் பந்தியில் உட்காருவதோ வேலை செய்து களைத்த சொந்தக்காரர்களும், காத்திருக்க வைக்கப்பட்ட சம்பந்திகளும். அதனால் எண்ணிப் போடுவதில் பத்து சதவீதம் கூடுதலாகச் சொல்லி, அதில் ஐம்பது இலைக்கானதை முதல் பந்திக்கு முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்து ஸ்டோர் ரூமில் பூட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். ஐந்தாறு கிலோவை உலையில் போடாமல் நிறுத்தி வைத்திருந்தால் போதும், அரை மணியில் வடித்துவிடலாம்.

சரக்கு விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுச்சேரியிலிருந்து பாட்டில் கடத்தி வருவது கடலூர் பக்கம் குற்றம், ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியோடு பிடிப்பார்கள். பிடிபடுகிற வண்டி அநேகமாக மறுநாள் பெண் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒதுக்கிய காராகத்தான் இருக்கும், ஏனென்றால் அதை ஓட்டுவது நண்பர்கள். அந்தக் காரின் சாவியை மாலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கல்யாணம் புதுச்சேரியிலேயே என்றால், குடிக்கிறவர்களைத் தடுப்பதைவிட அவர்களுக்கு மண்டபத்தில் அறை கொடுக்காமல் வெளியே லாட்ஜில் போடுவது பலன் தரும். மணமகள் வீட்டுப் பெண்கள் படுக்கிற மாடியில் அந்த அறை இருக்கவே கூடாது.

நகை. 'முப்பது சவரன்' என்று பேசி முடித்த வீட்டில், அதில் மாப்பிள்ளைச் சங்கிலி சேர்த்தியா, கல் எடை கழித்தா கழிக்காமலா, அம்மாவின் பழைய நகையும் கணக்கில் உண்டா என்று எதுவும் பேசியிருக்கமாட்டார்கள். சவரன் எட்டு கிராம் என்பதில் மட்டும் சண்டை இல்லை. முகூர்த்தத்துக்கு முன் அறையில் தராசு கேட்கிற வீடு வரதட்சணை கேட்கிற வீடு, அதில் சுற்றி வளைக்க ஏதுமில்லை. 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. கேட்காமல், மனமுவந்து தருகிற பரிசுக்கு விலக்கு உண்டு, அதற்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்று 1985-ல் வந்த விதிகள் சொல்கின்றன: பொருள் என்ன, தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், என்ன உறவு, கீழே மணமகன் மணமகள் இருவர் கையெழுத்தும். பெண்ணுக்கு வந்ததன் பட்டியலைப் பெண்ணும், மாப்பிள்ளைக்கு வந்ததன் பட்டியலை மாப்பிள்ளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முழுத்தாளில் முடிகிற வேலை. செய்கிறவர்கள் குறைவு, பிற்பாடு தேடுகிறவர்கள் அதிகம். கேட்பது மிரட்டலானால் 112-க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.

மொய் மேசையில் வெளியாட்கள் தப்புச் செய்வது அபூர்வம். சண்டை பங்காளிகளுக்குள் வரும். அண்ணன் தம்பி சேர்ந்திருந்த காலத்தில் ஒரே குடும்பமாக ஊருக்கெல்லாம் மொய் எழுதியிருப்பார்கள். பாகம் பிரிந்த பிறகு முதல் கல்யாணம் அண்ணன் வீட்டில் நடந்தால், பழைய மொய் அத்தனையும் அண்ணனுக்கே திரும்பி வருகிறது. தம்பி மகனுக்கு மூன்று வருஷம் கழித்துக் கல்யாணம், அதற்குள் வரவு தீர்ந்துபோயிருக்கும். 'அதில் பாதி எங்க காசு' என்று தம்பி மனைவி சொல்வது நியாயம்தான், சொல்கிற இடம்தான் மண்டபமாகிவிடுகிறது. பழைய மொய் நோட்டை எடுத்து, பிரிவதற்கு முன் எழுதிய பெயர்களை மட்டும் தனியாகக் குறித்து, அதில் வரும் தொகையை இரண்டாகப் பிரிப்பதா, அல்லது பெயர்களையே ஊர்வாரியாகப் பங்கிட்டுக்கொள்வதா என்று பத்திரிகை வைக்கப் போகும் முன் பேசிவிடுங்கள். ஊர்வாரிப் பங்கீடு நல்லது. பண்ருட்டிப் பக்கத்து மொய் உனக்கு, நெல்லிக்குப்பம் பக்கத்து மொய் எனக்கு என்றால் அடுத்த தலைமுறைக்கும் யார் எங்கே செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

மேசையில் இரண்டு வீட்டுக்கும் தனித்தனி நோட்டு, ஒவ்வொன்றிலும் எழுத ஒருவர், எண்ண ஒருவர். கவரில் வருவதைப் பிரித்து எண்ணி, கவர் மேலேயே தொகையை எழுதி, கவரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஒவ்வொரு நூறு பெயருக்கும் கூட்டல் போட்டு, பணத்தைப் பூட்டிய பெட்டிக்கு மாற்றி, இருவரும் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டால் நள்ளிரவில் 'பத்தாயிரம் உதைக்குது' என்கிற பேச்சு வராது.

மண்டபத்தைக் காலி செய்யும் நேரம். இருவீட்டார் பாதிப் பாதி என்று பேசியிருப்பார்கள், வாடகை மட்டும்தான் மனசில் இருந்திருக்கும். கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கேஸ் சிலிண்டர், துப்புரவு, பாத்திரத்தில் காணாமல்போனது எல்லாம் தனியே வரும். சாவி வாங்கும்போது மீட்டரையும் டீசல் அளவையும் போனில் படம் எடுத்து, இரண்டு வீட்டாருக்கும் அனுப்பிவிடுங்கள், கொடுக்கும்போதும் அதே மாதிரி. பாத்திரத்தை எண்ணி வாங்கிய ஆளே எண்ணிக் கொடுக்க வேண்டும். அவர் மதியம் சாப்பிட்டு ஊருக்குப் போய்விட்டால் இரண்டு அண்டாவுக்கு யாரும் பொறுப்பில்லை.

எல்லாரும் பஸ் ஏறுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதற்குச் சாட்சிகள் வேண்டும், அவர்களின் அடையாள அட்டை நகல் வேண்டும். இரண்டு வீட்டிலிருந்தும், இன்றைய தகராறில் வாயைத் திறக்காத ஆட்களாகப் பார்த்து, அவர்கள் ஆதார் நகலை மண்டபத்திலேயே வாங்கி, மிச்சமிருக்கும் பத்திரிகைகளில் நாலைந்தோடு சேர்த்துப் பெண் கையில் கொடுத்தனுப்புங்கள்.